கேட்டிலேயே சொல்லிவிடும் சாந்தாமணி அக்கா

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் சாந்தாமணி அக்கா யாரையும் வெறுமனே "வாங்க" என்று சொல்லி உள்ளே விடமாட்டார். வருகிறவர் கேட்டில் கை வைக்கும்போதே, "வாங்க, வாங்க. எங்களுக்கு நோன்புங்க. பொழுது எறங்குனாத்தான் சோறு தண்ணியெல்லாம். நீங்க சாப்புடுங்க, நாங்க கூட ஒக்காந்திருக்கறோம்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். தபால்காரரிடம் சொல்வார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் சொல்வார். ஒரு தடவை கரண்டு கணக்கெடுக்க வந்தவர் மீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவருக்கும் இதுதான் பதில். பாவம், திருதிருவென்று விழித்தார்.

"சாந்தாமணிக்கு நோன்பு வந்துருச்சு, இனி ஊருக்கு மைக்செட்டு வேண்டியதில்ல" என்பார் பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள். "நோன்புக்காரங்க வாய மூடிட்டு இருப்பாங்கன்னு பேரு. இவ திங்காத வாய்க்கும் சேத்துப் பேசறா."

அக்கா சிரித்துக்கொள்வார். பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிறார் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர் எதனால் இதை ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் கூட இருந்தேன்.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் காம்பவுண்டு. எதிரெதிராகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு துவைகல். அக்கா வீட்டு வாசலும் எங்கள் வாசலும் நேருக்கு நேர். அக்காவின் கணவர் பாலுசாமி அண்ணன் பம்பு செய்கிற பட்டறையில் லேத் ஓட்டுகிறார். நான் வீட்டில் இருந்தபடியே மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கொடுக்கிறேன். ஏழாவதோடு என் படிப்பு நின்றுபோனது. வலியப் போய்ப் பேசுவதும் எனக்கு வராது. வாசலில் உட்கார்ந்து கம்பி சுற்றும்போது கைக்குத்தான் வேலை, கண் சும்மா இருக்கும். அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்காவும் அண்ணனும் பஹாய் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் வெள்ளைத் தாடியும் தலைப்பாகையுமாக ஒரு பெரியவர் படம் மாட்டியிருக்கும். குடிவந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு நான் அவர்களை முஸ்லிம் என்று நினைத்தேன். சின்னாத்தாள் ஏதோ சித்தர் என்று நினைத்து ஒரு நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அவர்களுக்குப் பூசாரி கிடையாது. மனிதர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, பிரார்த்தனை படித்து, சேர்ந்து சாப்பிடுவார்கள். மார்ச்சில் பத்தொன்பது நாள் நோன்பு இருப்பார்கள். அது முடிந்தால் அவர்களுக்குப் புது வருஷம்.

அக்கா அன்னூர்ப் பக்கம் தோட்டம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகுதான் இருவரும் பஹாய் ஆனார்கள். ஆரம்பத்தில் நடந்த விருந்துகளில் ஒன்று மாரியாத்தாள் என்ற தோட்டக்கூலிப் பெண்ணின் குடிசையில் நடந்தது. அக்கா அங்கே உட்கார்ந்து மாரியாத்தாள் கையால் சாப்பிட்டார். அக்கா வீடு திரும்புவதற்குள் சேதி அவருடைய பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த பொங்கலுக்குப் போனபோது எல்லோருக்கும் உள்ளே இலை போட்டிருந்தார்கள். அக்காவுக்கு மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கமாக ஒரு தட்டு.

"தின்னுபோட்டு நானே கழுவி வெச்சுட்டு வந்தனுங் கண்ணு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "அதுக்கப்பறம் அந்தப் பக்கம் போகல. எங்கண்ணன் புள்ளை கல்யாணத்துக்கும் கூப்புடல." அதைச் சொல்லும்போது அக்காவின் கை கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மார்ச். நோன்பு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். உச்சி வெயிலில் ஒரு சைக்கிள் வந்து கேட்டில் நின்றது. ஹேண்டில்பாரில் "குமரி முதல் தில்லி வரை" என்று தகரத்தில் எழுதிக் கட்டியிருந்தது. பின்னால் கேரியரில் சாக்கு, பாய், ஒரு பழைய டயர். ஓட்டிவந்தவர் ஒல்லியாக, கறுத்துப்போய், முகமெல்லாம் புழுதியாக இருந்தார்.

"சாந்தாமணி அக்கா வீடு இதுதானா? எம் பேரு ஆரோன். தூத்துக்குடிப் பக்கம். திண்டுக்கல்லுல உங்க ஆட்கள் வீட்டுல தங்கியிருந்தேன். அவுகதான் அட்ரஸ் குடுத்து விட்டாக."

அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார். காய் நறுக்குவதற்கு என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்.

"தில்லிக்கு எதுக்குக் கண்ணு போறே?"

"வேலை கெடைக்கலக்கா. சும்மா இருந்து வீட்டுல ஏச்சு வாங்குததுக்கு, மிதிச்சாவது பாப்பமேன்னு கெளம்பிட்டேன்."

ஆரோன் நன்றாகப் பேசினார். பிப்ரவரிக் கடைசியில் திண்டுக்கல்லில் டயர் கிழிந்து ரோட்டில் நின்றபோது, யாரோ ஒரு பஹாய்க்காரர் வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். "அந்த வீட்டுல அவ்வளவு பேரும் ஒரே பாயில இருந்து சாப்பிட்டோம்கா. அவுக சின்னப் பிள்ள என் தட்டுல இருந்து அப்பளத்த ஒடச்சுத் தின்னுட்டு. எங்கம்மாட்ட சொன்னா நம்பமாட்டா." அதன்பிறகு பழனியில் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துக் கிடந்துவிட்டு, இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்.

அடுப்படியில் அக்கா என் காதோடு சொன்னார். "நோன்புன்னு சொல்லிப்போடாத புவனா. நம்ம காஞ்ச வாயப் பாத்துட்டு அந்தத் தம்பி எப்படித் திம்பான்? சோறு எறங்குமா?"

"சரிங்க அக்கா."

"ராத்திரிக்கு நாலு பேரக் கூப்புட்டுப் போடலாம். பொழுது எறங்குனதும் எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவோம். திண்டுக்கல்லுக்காரங்களுக்கு மட்டுந்தான் பாய் விரிக்கத் தெரியுமா?"

அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறு ஆக்கினார். கத்திரிக்காய் பொரித்து, அப்பளம் சுட்டு, தயிர் எடுத்து வைத்தார். என்னையும் சாப்பிடச் சொன்னார். முன்பின் தெரியாத ஆள் எதிரே உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சம். காயில் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு என் வாசலுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் அக்கா வீட்டு முன்னறை முழுக்கத் தெரியும்.

பாய் ஒன்று. அதில் தட்டு ஒன்று. ஆரோன் தட்டைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நீங்களும் இருங்கக்கா."

"நாங்க அப்பறம் சாப்புட்டுக்கறோம் கண்ணு. நீ சாப்புடு."

சோற்றைப் போட்டுவிட்டு அக்கா அடுப்படிக்குள் போய்விட்டார். வந்து பொரியல் வைத்தார், மறுபடியும் உள்ளே போனார். நெய்யும் பருப்பும் மணக்கிற இடத்தில் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர் எப்படி நிற்பார்? அது எனக்குத் தெரியும். ஆரோனுக்குத் தெரியாது. அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். இரண்டாவது முறை சோறு வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு எழுந்ததும் சாக்கிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். "கோவில்பட்டி கடல மிட்டாய்க்கா. எங்க பக்கத்துச் சரக்கு. ஒண்ணு தின்னு பாருங்க."

அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். "அப்பறம் திங்கறேன் கண்ணு" என்று சொல்லி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஆரோன் அந்த மேல்தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குப் பாலுசாமி அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்தார். நோன்பைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று அக்கா அவரிடமும் வாசலிலேயே சொல்லிவைத்துவிட்டார். பேச்சு நன்றாகத்தான் போனது. சைக்கிளின் ஃப்ரீவீலைக் கழற்றி, இருவரும் தரையில் உட்கார்ந்து எண்ணெய் போட்டார்கள். பிறகு ஆரோன் எழுந்துபோய்க் கடையிலிருந்து இரண்டு கிளாசில் டீ வாங்கிவந்து ஒன்றை நீட்டினார்.

"எனக்கு இப்ப வேண்டாந் தம்பி. நீங்க குடிங்க."

ஆரோன் இரண்டு டீயையும் தானே குடித்தார்.

அண்ணன் குளிக்கப் போனார். அக்கா ராத்திரி விருந்துக்கு வாழையிலை வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். ஆரோன் சாக்கைக் கேரியரில் ஏற்றிக் கட்டிவிட்டு என் வாசலுக்கு வந்தார்.

"கெளம்புதேன். இருட்டுததுக்குள்ள மேட்டுப்பாளையம் போயிருவேன். அக்காட்ட சொல்லிருங்க. ரொம்ப நல்லாக் கவனிச்சாக."

"அக்கா எலை வாங்கப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் சிரித்தார். கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

ஏதோ அவசரம்போல என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போனேன். துவைகல்லின் மேல் மத்தியானம் அவர் சாப்பிட்ட தட்டு இருந்தது. சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார்.

கையில் எடுத்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் சனங்கள் தோட்டக்காரர் வீட்டில் சாப்பிட்டால் அப்படித்தான் வைப்பார்கள். தட்டை நாமே தேய்க்க வேண்டும். உள்ளே கொண்டுபோகக் கூடாது. வெளியே கவிழ்த்துவிட்டு வர வேண்டும். எங்கம்மா வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நானும் வைத்திருக்கிறேன். எங்கள் வாசலிலிருந்து மூன்று எட்டில் இருக்கும் அக்கா வீட்டில் மட்டும் நான் அப்படி வைத்ததில்லை. அங்கே முதல் நாள் சாப்பிட்டு எழுந்து தட்டோடு வெளியே நடந்தபோது, அக்கா என் கையிலிருந்து பிடுங்கித் தன் தட்டோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

அக்கா இலைக்கட்டோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டானா? அட! தட்டக்கூடக் கழுவி வெச்சுட்டுப் போயிருக்கறான் பாரு, நல்ல பையன்" என்றார்.

"கவுத்து வெச்சிருக்காருங்க அக்கா" என்றேன். "உள்ளார கொண்டுபோய் வெக்கல."

அக்கா தட்டைப் பார்த்தார். இலைக்கட்டு அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"என்னையா?" என்றார். "என்னையா புவனா அப்படி நெனச்சுப்போட்டான்?" பிறகு ஒவ்வொன்றாக அவருக்கு நினைவு வந்தது. "அவங்கூட ஒக்காரல. அவன் குடுத்த மிட்டாயத் திங்கல. ஏனுங்க, நீங்க டீயாவது குடிச்சீங்களா?"

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த அண்ணன், "நான் எப்படிக் குடிப்பேன்?" என்றார். அவருக்கும் புரிந்துவிட்டது. "அடடா. நீ போ சாந்தா. பஸ்சுல போனாப் புடிச்சுரலாம். வர்றவங்கள நான் பாத்துக்கறேன்."

பிறந்த வீட்டில் தனக்கு நடந்ததையே அக்கா தன் வீட்டில் இன்னொருவருக்குச் செய்ததாக ஒரு ஆள் தில்லிவரை நினைத்துக்கொண்டு போவார். அக்காவால் அதைத் தாங்க முடியாது. ஒயர்க்கூடையில் அந்தத் தட்டையும், மிட்டாயையும், ஒரு தூக்குப்போசியில் மீதிச் சோற்றையும், ஒரு பாட்டில் தண்ணீரையும் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, போகிற சைக்கிளையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் ஒரு டீக்கடை ஓரமாக அந்தத் தகரப் பலகை தெரிந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க சாமி!"

"ஏனுங்கம்மா, இது பஸ்சுங்களா, உங்க ஊட்டு மாட்டு வண்டிங்களா?" என்றார் கண்டக்டர்.

"எங்க பையன் கோவிச்சுட்டுப் போறானுங்க."

"சோறு போட்டு வெச்சிருந்தா அவன் எதுக்குப் போறான்?"

"சோறு போட்டதுதானுங்க தப்பாப் போச்சு!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலடித்தார்.

ஆரோன் சைக்கிளைச் சாய்த்துச் செயினை இறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஏங் கண்ணு, தட்டக் கவுத்து வெச்சுட்டு வந்தே?"

அவர் கையில் இருந்த மசியைத் துணியில் துடைத்தார். "எங்க எப்படி வைக்கணும்னு எனக்குத் தெரியும்கா. யாரும் சொல்லவேண்டாம். கோவமெல்லாம் இல்ல. வயிறாரப் போட்டீக."

"எங்களுக்கு நோன்பு கண்ணு! காத்தாலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

"இப்பச் சொல்லுதீக."

"முன்னாலயே சொன்னா உனக்குச் சோறு எறங்காதுன்னு நெனச்சேன்."

"சொல்லாமயும் எறங்கலியேக்கா."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்த டீக்கடைக்காரர் ஒரு கிளாசை நீட்டினார். "அட, ஒரு டீயில முடியற வெவகாரமுங்க. அவர் கண்ணு முன்னால குடிச்சுக் காட்டிப்போடுங்க."

அக்கா டீயைப் பார்த்தார். பிறகு கூடையிலிருந்து அந்தக் கடலை மிட்டாயை எடுத்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. வெயில் இன்னும் ரோட்டில் கிடந்தது. வாயில் போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். போட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அவர் மிட்டாயை ஆரோன் கையில் வைத்தார். "இத நீ வெச்சிரு. பொழுது எறங்குன ஒடனே உங் கையாலயே எனக்குக் குடு. அப்பவும் நான் திங்கலைன்னா நீ பாட்டுக்குப் போ. நான் கூப்புடமாட்டேன்."

டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். மேற்கே மலை. சூரியன் இறங்கி இறங்கி அதன் முதுகில் உட்கார்ந்தது, பிறகு காணாமல் போனது.

ஆரோன் உடனே கையை நீட்டினார். "இந்தாங்கக்கா."

அக்கா கையை நீட்டவில்லை. "இது மல மறைக்கறது கண்ணு. பொழுது இன்னும் எறங்கல. காலண்டர்ல நேரம் போட்டிருக்குது."

ஆரோனின் முகம் மறுபடி கல்லாகிவிட்டது. "எல்லாரும் பாத்தோம்லா" என்றார்.

"நீ பாத்தது மலைய" என்ற அக்கா, டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, மணி என்னாச்சுங்க?"

அவர் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது, "இப்பத்தானுங்கம்மா சொன்னேன்" என்றார் அவர்.

"ஓடற வாட்ச்சுதானுங்களா அது? கொஞ்சம் வெரசலா ஓடுனா ஆகாதுங்களா?"

சொல்லிவிட்டு அக்கா ஆரோன் கையில் இருந்த மிட்டாயைப் பார்த்து எச்சில் விழுங்கினார். வேறு பக்கம் திரும்பினார். மறுபடியும் மிட்டாயைப் பார்த்தார். சின்னப் பிள்ளை கடை ஜாடியைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. ஆரோன் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். சாப்பிடாமல் இருக்கச் சாக்குத் தேடுகிற யாரும் ஒரு மிட்டாயை அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "யக்கா! நீங்க மெய்யாவே பட்டினிதான்!"

"பின்ன? பொய்யாவா பஸ் ஏறி வந்தேன்?" என்றார் அக்கா. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

நேரம் வந்தது. அக்கா கண்ணை மூடி முணுமுணுவென்று சின்னதாக ஒரு பிரார்த்தனை சொன்னார். ஆரோன் கையால் மிட்டாயை வாங்கி, வாயில் போட்டு, கடகடவென்று தண்ணீர் குடித்தார். அப்புறம் தட்டை எடுத்துப் பெஞ்சின் நடுவில் வைத்துப் போசியை அப்படியே கவிழ்த்தார்.

"ஒரு தட்டுத்தான் கொண்டுவந்திருக்கறேன். மூணு பேரும் இதுலதான்."

முன்பின் தெரியாதவர் எதிரே சாப்பிட வராத நானும் அன்றைக்கு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அந்தத் தட்டில் கை வைத்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

ஆரோன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எங்களோடு துடியலூர் வந்தார். வீட்டில் இலை போட்டு, வந்தவர்களோடு பாலுசாமி அண்ணன் காத்திருந்தார். தண்ணீர் மட்டும் குடித்திருந்தார். ஆரோன் மறுபடியும் சாப்பிட்டார். அவர்களுடைய புது வருஷம் வரைக்கும் இருந்தார். நடுவில் ஒரு நாள் தானும் நோன்பு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் டீக்கடையில் அகப்பட்டுக்கொண்டார். சின்னாத்தாள்தான் பிடித்தார். பிறகு ஊட்டி மலையேறிப் போய், வெயில் காலம் முடிவதற்குள் தில்லி சேர்ந்துவிட்டதாக ஒரு கார்டு போட்டார்.

அடுத்த மார்ச்சில்தான் அக்கா கேட்டில் நின்று சொல்ல ஆரம்பித்தார்.

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. ஆரோன் இப்போது தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டுகிறார். கோயமுத்தூருக்கு லோடு கிடைத்தால் மனைவி கெசியாவையும் கூட்டிக்கொண்டு வந்துபோகிறார். அந்தத் தட்டு அக்கா வீட்டு மற்றத் தட்டுகளோடு கலந்துவிட்டது. எது என்று கேட்டால் எனக்கே அடையாளம் தெரியாது. போன வருஷத்திலிருந்து அக்காவுக்குச் சர்க்கரை. டாக்டர் வேண்டாம் என்றதால் அவர் நோன்பு இருப்பதில்லை, வருகிறவர்களோடு மத்தியானமே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அண்ணன் மட்டும் நோன்பு இருக்கிறார். அதைக் கேட்டில் நின்று எல்லோருக்கும் சொல்வது அக்காதான்.